4×5 பிலிம் ஒரு தாள் 304 ரூபாய்: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஜார்ஜ்டவுன் குமரன் (ஜூன் 14, இரவு 10.20)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக 4×5 மரக் கேமராவில் (ஒவ்வொரு படத்துக்கும் 4×5 அங்குலத் தாள் பிலிம் ஒன்று) படம் எடுத்து வருகிறேன். 150 மி.மீ. லென்ஸ் ஒன்று, 90 மி.மீ. லென்ஸ் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாள்களை ஒளி படாமல் வைக்கும் ஹோல்டர்கள் ஆறு வைத்திருக்கிறேன். முத்தியால்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இன்னும் இடிபடாமல் நிற்கும் திண்ணை வீடுகளைத்தான் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனால் எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு தள்ளுவண்டிகளும் மீன்பாடி வண்டிகளும் வந்துவிடும், முக்காலி வைக்க இடம் இருக்காது.

என் கணக்கு நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். கடைசியாக வாங்கிய இல்ஃபோர்டு எச்பி5 கறுப்பு வெள்ளைப் பிலிம் பெட்டியில் 25 தாள்கள். பெட்டி விலை, கூரியர், வரி எல்லாம் சேர்த்து 7,600 ரூபாய் ஆனது. ஒரு தாள் 304 ரூபாய். படத்தை எழுப்பும் டெவலப்பர், அதை நிலைநிறுத்தும் ஹைப்போ இரண்டின் செலவு தாளுக்கு 35 ரூபாய். அந்த 25 தாள்களில் எனக்குக் கிடைத்த நல்ல நெகட்டிவ்கள் ஒன்பது. ஆக, ஒரு நல்ல நெகட்டிவுக்கு ஏறக்குறைய 940 ரூபாய். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வீட்டில் இது சிறிய தொகை அன்று.

அடுத்த பெட்டி நான்கு மாதமாகக் குளிர்பெட்டியில் திறக்காமல் கிடக்கிறது. கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறேன், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பிம்பம் விழும் கிரவுண்ட் கிளாஸில் (மங்கல் கண்ணாடியில்) ஒரு மணி நேரம் பார்க்கிறேன், ‘இந்த வெளிச்சத்துக்கு 300 ரூபாய் தகுமா’ என்று மனம் கேட்கிறது, மடக்கி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறேன். மார்ச் மாதம் ஒரு வீட்டின் முன் அப்படித்தான் நின்றேன். திண்ணையில் நான்கு மரத்தூண்கள். தூணின் அடியில் பல தலைமுறை முதுகுகள் சாய்ந்து சாய்ந்து வழுவழுப்பாகியிருந்த இடம் கண்ணாடியில் தனியாக மின்னியது. மேகம் விலகட்டும் என்று காத்திருந்தேன், விலகவில்லை, வந்துவிட்டேன். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அங்கே செங்கல் குவியலும் தகரத் தடுப்பும்தான் இருந்தன. அன்று நான் மிச்சப்படுத்திய 300 ரூபாயை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

இதை விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. நீங்கள் செலவை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

120 பிரியன் (ஜூன் 14, இரவு 11.05)

உங்கள் கேமராவின் பின்புறத்தில் சுருள் பிலிம் போடும் ரோல் பிலிம் பேக் ஒன்றை மாட்டுங்கள். 6×9 செ.மீ. அளவில் ஒரு 120 ரோலில் எட்டுப் படங்கள், 6×7 அளவில் பத்து. படத்துக்குச் செலவு மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடும். லென்ஸை மேலே ஏற்றிச் சுவர் சாயாமல் எடுக்கும் வசதி அப்படியே இருக்கும். நான் இதைத்தான் ஐந்து ஆண்டுகளாகச் செய்கிறேன்.

ஜார்ஜ்டவுன் குமரன் (ஜூன் 15, காலை 6.40)

நன்றி. அதையும் யோசித்தேன். அந்தத் தெருக்களின் அகலம்தான் தடை. எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் 4×5இல் 90 மி.மீ. போட்டால்தான் ஒரு வீடு முழுதாக அடங்குகிறது. அதே 90 மி.மீ. லென்ஸ் 6×9இல் சாதாரணப் பார்வையாகிவிடும், பாதி வீடுதான் வரும். அதே அகலப் பார்வை வேண்டுமானால் 50 மி.மீ.யை ஒட்டிய லென்ஸும் அதற்கேற்ற பை வடிவ பெல்லோஸும் (லென்ஸையும் கேமராவின் பின்பகுதியையும் இணைக்கும் உறை) வாங்க வேண்டும். அந்தப் பணத்துக்குப் பல பெட்டி பிலிம் வாங்கிவிடலாம்.

மந்தைவெளி ஸ்டுடியோ (ஜூன் 15, பிற்பகல் 3.15)

தம்பி குமரன், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இடிந்துபோன வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் சற்று நேரம் நிறுத்தித்தான் மேலே படித்தேன்.

முதலில் விலையைப் பார்ப்போம். ஒரு 4×5 தாள் 20 சதுர அங்குலம். ஒரு 120 ரோல் ஏறக்குறைய 80 சதுர அங்குலம். 36 படங்கள் எடுக்கும் 35 மி.மீ. ரோலும் அதே 80தான். ஒரு 8×10 தாளும் 80தான். ஆக நான்கு தாள்கள் ஒரு ரோலுக்குச் சமம். உங்கள் நான்கு தாள்கள் 1,216 ரூபாய். நான் கடைசியாக வாங்கிய 120 ரோல் 950 ரூபாய். பரப்பை வைத்துப் பார்த்தால் தாள் பிலிம் கொள்ளை விலை அன்று. ஒரே அழுத்தலில் கால் ரோலைச் செலவழிக்கிறோம், அதனால் கை நடுங்குகிறது.

கூடுதலாக இருக்கும் அந்தக் கொஞ்சத்துக்கும் காரணம் உண்டு. 35 மி.மீ. பிலிமை மெல்லிய அசிடேட் மேல் பூசுகிறார்கள். தாள் பிலிம் வளையாமல் நிற்க வேண்டும் என்பதால் ஏறக்குறைய 0.18 மி.மீ. கனமுள்ள பாலியெஸ்டர் மேல் பூசுகிறார்கள். அடித்தளம் வேறு என்பதால் பூச்சும் தனியாக ஓட வேண்டும். பிறகு இருட்டில் வெட்டி, ஒவ்வொரு தாளின் மூலையிலும் அடையாள வெட்டுப் போட்டு, ஒளி புகாத பையில் அடைக்க வேண்டும். இவ்வளவையும் செய்து விற்பது உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் நம்மைப் போன்ற சிலருக்கு.

என் அப்பா மயிலாப்பூரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி கேமரா ஒன்று எங்களிடம் இருந்தது. அப்பா காலத்தில் முதலில் கண்ணாடித் தகடு, பிறகு கட் பிலிம் என்ற தாள் பிலிம். வந்தவர் ஒருவருக்கு ஒரே தகடுதான். இரண்டாவது எடுத்தால் அன்றைய லாபம் போய்விடும். அதனால் தகட்டைச் செருகுவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும். முகவாய் எவ்வளவு நிமிர வேண்டும், சேலை மடிப்பு எப்படி விழ வேண்டும் என்று எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்துத் தீர்மானித்துவிடுவார். பிறகு கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வந்தவரிடம் பேசிக்கொண்டே ஷட்டரின் ரப்பர் பல்பை அழுத்துவார். எத்தனையோ ஆயிரம் முகங்களை அப்படி எடுத்தார். பிற்காலத்தில் கடையை மூடும்போது நெகட்டிவ்களை வெள்ளி எடுப்பவரிடம் எடை போட்டுக் கொடுத்துவிட்டோம். அப்போது எனக்கு வயது 24, தடுக்கத் தெரியவில்லை. அந்த மூட்டைகள் ரிக்‌ஷாவில் ஏறிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீணான 16 தாள்களும் எதனால் வீணாயின? நோட்டில் எழுதி வைத்திருப்பீர்கள். அதை இங்கே போடுங்கள். விலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஜார்ஜ்டவுன் குமரன் (ஜூன் 15, இரவு 9.50)

ஐயா, எழுதி வைத்திருக்கிறேன். ஷட்டரை மூடாமல் டார்க் ஸ்லைடை (ஹோல்டரின் ஒளி மறைக்கும் தகட்டை) இழுத்தது 3. ஒரே தாளில் இரண்டு முறை எடுத்தது 2. அதனாலேயே எடுக்காத வெற்றுத் தாளை டெவலப் செய்தது 2. டெவலப்பர் சூடேறி நெகட்டிவ் கரிபோல் கறுத்தது 4. கீறல் 2. ஃபோகஸ் தவறியது 3.

மந்தைவெளி ஸ்டுடியோ (ஜூன் 15, இரவு 10.30)

பார்த்தீர்களா, பதினாறில் ஒன்றுகூட பிலிமின் குற்றம் அன்று.

முதல் ஏழும் கைப்பழக்கம். டார்க் ஸ்லைடின் பிடியில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் எடுக்காத தாள், கறுப்புத் தெரிந்தால் எடுத்தது. படம் எடுத்ததும் திருப்பிச் செருகுவது மூச்சு விடுவதுபோலத் தானாக நடக்க வேண்டும். இதைப் பழக பிலிமே தேவையில்லை. வெற்று ஹோல்டரை வைத்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் ஐம்பது முறை செய்யுங்கள்: ஷட்டரை மூடு, விசை ஏற்று, ஹோல்டரைச் செருகு, ஸ்லைடை இழு, அழுத்து, ஸ்லைடைத் திருப்பிச் செருகு. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்பாவும் சொல்வார்.

மூன்று ஃபோகஸ் தவறுக்கு நல்ல பூதக்கண்ணாடி ஒன்று போதும். கடியாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் வைக்கும் கண்ணாடியே எனக்கு இன்றும் உதவுகிறது.

தாம்பரம் செல்வம் (ஜூன் 16, காலை 8.10)

விலை ஏறியதற்கு வெள்ளிதானே காரணம்? 2025இல் கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டதே.

மந்தைவெளி ஸ்டுடியோ (ஜூன் 16, காலை 9.25)

கணக்குப் போட்டுப் பார்ப்போம் செல்வம். ஒரு சதுர மீட்டர் பிலிமில் சில கிராம் வெள்ளிதான் இருக்கும். ஒரு சதுர மீட்டரில் 4×5 தாள்கள் 77 வெட்டலாம். ஒரு தாளுக்குக் கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த விலையில் கிராம் நூறு ரூபாய், ஆகவே பத்து ரூபாய்க்குள்தான். 1980 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்து அவுன்ஸ் 50 டாலர் வரை போனதே, அப்போது பிலிம் உலகமே ஆடிப்போனது உண்மை. ஆனால் உங்கள் 304 ரூபாயில் பெரும்பகுதி வெள்ளி அன்று.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தன. அது ஓடிக்கொண்டிருந்தால் நாம் கடல் தாண்டிப் பெட்டி வரவழைக்கும் நிலை இருந்திருக்காது என்பது என் வருத்தம்.

வேணி (ஜூன் 16, இரவு 8.45)

எக்ஸ்ரே பிலிம் என்ற சொல் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். கீழ்ப்பாக்கத்தில் எக்ஸ்ரே பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஐந்து ஆண்டுகளாக 4×5 எடுக்கிறேன். என் படங்களில் பாதிக்கு மேல் எக்ஸ்ரே பிலிமில் எடுத்தவை.

8×10 அளவில் நூறு தாள்கள் உள்ள பெட்டி எனக்கு 3,600 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒன்றை நான்காக வெட்டினால் 400 தாள்கள். ஒரு தாள் 9 ரூபாய். குமரன் தம்பி, உங்கள் ஒரு தாள் விலையில் எனக்கு 33 தாள்கள்.

வாங்கும்போது கவனம் தேவை. இன்று மருத்துவமனைகளில் பெரும்பாலும் கணினி எக்ஸ்ரேதான். அதற்கு அச்சிடும் பிலிம் லேசர் இயந்திரத்துக்குள் சூட்டில் படம் காட்டும் வகை. அது நமக்கு உதவாது. ‘டார்க் ரூமில் கழுவும் பிலிம், பச்சை உணர்வு உள்ளது’ என்று கேட்டு வாங்குங்கள்.

இதற்குச் சிவப்பு நிறம் தெரியாது. அதனால் அடர் சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தபடியே வெட்டலாம், ஹோல்டரில் போடலாம், டெவலப் செய்யலாம். படம் எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே போதும் என்ற இடத்தில் நிறுத்தலாம். பகல் வெளிச்சத்தில் நான் இதன் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 80 என்று வைத்துக்கொள்கிறேன். வெட்டும்போது நேர்பாதியைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாக வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஹோல்டரின் பள்ளத்தில் நுழையாது.

இதில் பெரிய தொல்லை, இரண்டு பக்கமும் எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) பூசியிருப்பது. நனைந்துவிட்டால் பாலாடைபோல மென்மையாகிவிடும், எதில் பட்டாலும் கீறிவிடும். முதல் மாதம் ஒரு நெகட்டிவ்கூடச் சுத்தமாக வரவில்லை. பிறகு டிரேயின் அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டேன், நகத்தை ஒட்ட வெட்டினேன், ஒரு நேரத்தில் ஒரு தாள் மட்டும் போட்டேன். மூலையைத் தூக்கி மெதுவாக ஆட்டுவதோடு சரி, புரட்டுவதே இல்லை. அதன்பிறகு கீறல் நின்றுவிட்டது.

120 பிரியன் (ஜூன் 16, இரவு 9.30)

வேணி அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதற்கு நான் உடன்பட மாட்டேன். அந்தப் பிலிமில் ஒளி பின்னால் பட்டுத் திரும்புவதைத் தடுக்கும் பூச்சு இல்லை. வெயில் படும் சன்னலைச் சுற்றி ஒளிவட்டம் வரும். சிவப்பு தெரியாததால் செங்கல்லும் காவிப் பட்டையும் கறுத்துப்போகும். நாளை இடியப்போகும் வீட்டை அதில் எடுத்து வைப்பது அந்த வீட்டுக்குச் செய்யும் குறை. ஆவணம் என்று சொன்னால் அதற்குரிய பிலிமில்தான் எடுக்க வேண்டும்.

வேணி (ஜூன் 17, காலை 5.55)

நீங்கள் சொல்லும் குறைகள் எல்லாம் உண்மை. ஆனால் அந்த மார்ச் மாத வீட்டுக்கு இப்போது ஒளிவட்டத்தோடுகூட ஒரு படம் இல்லையே. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஹோல்டரில் ஒரு பக்கம் எச்பி5, மறுபக்கம் எக்ஸ்ரே என்று போட்டுக்கொண்டு போகட்டும். முதலில் 9 ரூபாயை அழுத்தட்டும். கை சூடு பிடித்த பிறகு 304 ரூபாயை அழுத்தட்டும்.

எழும்பூர் ஆசிரியை (ஜூன் 17, பிற்பகல் 1.20)

நான் வரலாறு கற்பிப்பவள். உங்கள் விவாதத்தைப் பார்த்ததும் லின்னேயஸ் டிரைப் நினைவுக்கு வந்தார். 1856 முதல் 1860 வரை மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858இல் மதுரை, தஞ்சை என்று நம் கோயில்களை எல்லாம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்தான் அவருடைய கருவி. காகிதத்துக்கும் நீல ஒளிதான் தெரியும், சிவப்பு தெரியாது. 120 பிரியன் அவர்களே, அந்தக் குறையோடு எடுத்த படங்களில்தான் இன்று நாங்கள் கல்வெட்டு வரியைத் தேடுகிறோம்.

காகிதத்தில் இன்றும் எடுக்கலாம். என் மாணவிகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பிரிண்ட் போடும் சாதாரணக் கறுப்பு வெள்ளைத் தாளை 4×5 அளவில் வெட்டி ஹோல்டரில் போட வேண்டும். ஐஎஸ்ஓ 6 என்று வைத்துக்கொள்ளலாம். சென்னை வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப்22இல் மூன்றில் ஒரு விநாடி போதும். வானம் வெளுத்துவிடும், மாறுபாடு கடுமையாக இருக்கும். ஆனால் நிழல் பக்கமுள்ள திண்ணைக்கு மிகவும் பொருந்தும். காய்ந்ததும் இன்னொரு தாளோடு முகத்துக்கு முகம் வைத்து விளக்கைப் போட்டால் பாசிட்டிவ் கிடைத்துவிடும்.

ஜார்ஜ்டவுன் குமரன் (ஜூன் 17, இரவு 10.15)

எல்லோருடைய பதிவுகளையும் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். வேணி அக்கா, உங்கள் யோசனையைச் செய்து பார்க்கப்போகிறேன். இன்னொரு கேள்வி. ஃபோமாபான் 100 என்ற கறுப்பு வெள்ளைப் பிலிம் பாதி விலைக்கும் கீழே வருகிறதே, அதற்கு மாறிவிடலாமா? மேலும், டெவலப்பர் சூட்டில் போன அந்த நான்கு தாள்களுக்கு என்ன வழி?

பெரம்பூர் பாஷா (ஜூன் 18, காலை 7.30)

தம்பி, ஃபோமாபான் நல்ல பிலிம்தான், நானும் எடுக்கிறேன். வெளியில், வெயிலில், கைகொடுக்கும். ஆனால் நீங்கள் வீட்டுக்குள் முற்றத்தையும் மாடத்தையும் எடுப்பவர் என்று நினைக்கிறேன். நேரம் நீண்டால் அது மிகவும் சோம்பிவிடும். ஒளி அளக்கும் மீட்டர் 1 விநாடி காட்டினால் 2 கொடுக்க வேண்டும், 10 காட்டினால் 80 கொடுக்க வேண்டும். அவர்களுடைய அட்டவணையிலேயே அப்படித்தான் இருக்கிறது. எச்பி5க்கு அதே 10 விநாடி சுமார் 20 ஆகும். எண்பது விநாடியில் வீட்டிலிருக்கும் குழந்தை நான்கு முறை குறுக்கே ஓடிவிடும். உள்ளே எடுப்பதற்கு எச்பி5, வெளியே ஃபோமா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சூடு. நம் ஊரில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மே, ஜூனில் 32 பாகைக்குக் குறையாது. புத்தகம் 20 என்று சொல்கிறது. இருபதுக்காகப் போராடாதீர்கள். அங்கே கொண்டுவந்தாலும் டெவலப் செய்து முடிப்பதற்குள் ஏறிவிடும். 24இல் நில்லுங்கள். ஒரு பெரிய பேசினில் தண்ணீர் வைத்து, அதில் பனிக்கட்டி நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில் இரண்டைப் போடுங்கள். டேங்கும் டெவலப்பரும் கழுவும் தண்ணீரும் எல்லாம் அதிலேயே அரை மணி நேரம் ஊறட்டும். டி-76 என்ற டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்தினால் எச்பி5க்கு 20 பாகையில் என் கணக்கில் 13 நிமிடம். ஒவ்வொரு பாகைக்கும் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டே போங்கள். 24க்கு எட்டரை நிமிடம் வரும். நான் ஆறு ஆண்டுகளாக இந்தக் கணக்கில்தான் செய்கிறேன், ஒரு தாள்கூடக் கறுத்ததில்லை.

டெவலப்பர் பாக்கெட்டும் வாங்காதீர்கள். டி-23 என்ற பழைய கலவையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டருக்கு மெட்டால் ஏழரை கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், அவ்வளவுதான். முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட்டைக் கரைத்துவிட்டு மெட்டாலைப் போடுங்கள், பிறகு மீதி சல்ஃபைட். பாரிமுனைப் பக்கம் வேதிப்பொருள் கடைகளில் இரண்டும் கிடைக்கும், ஹைப்போவும் கிடைக்கும். எனக்குத் தாளுக்கு ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் ஆவதில்லை. மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பைக் கொடுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். பிலிம் மாற்றும் கறுப்புப் பைக்குள் கை விட்டால் ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். ஈர விரல் பட்ட இடம் நெகட்டிவில் ரேகையோடு பதியும். உங்கள் வெற்றுத் தாள்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், இருக்கும். நான் இரவு பதினொன்றுக்கு மேல் குளியலறையில்தான் ஹோல்டரை நிரப்புவேன். கதவடியில் ஈரத்துண்டு, சன்னலில் கறுப்புத் துணி. தாளின் அடையாள வெட்டு வலது கையின் மேல்மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் எமல்ஷன் என் முகத்தைப் பார்க்கிறது என்று பொருள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பெட்டியை அன்று மாலையே வெளியே வைத்துவிடுங்கள். குளிர்ந்த பெட்டியை உடனே திறந்தால் தாள் முழுவதும் வியர்த்துவிடும்.

தாம்பரம் செல்வம் (ஜூன் 18, இரவு 9.05)

குமரன், உங்கள் 7,600 ரூபாயில் கூரியர் எவ்வளவு?

ஜார்ஜ்டவுன் குமரன் (ஜூன் 18, இரவு 9.20)

ஏறக்குறைய 1,500.

தாம்பரம் செல்வம் (ஜூன் 18, இரவு 9.55)

அப்படியென்றால் அங்கேதான் பணம் ஒழுகுகிறது. சுங்க வரி பெட்டி விலைக்கு மட்டும் போடுவதில்லை. அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குப் போடுகிறார்கள். அதன்மேல் சரக்கு சேவை வரி. ஆக, கூரியருக்குக் கொடுத்த பணத்துக்கும் வரி கட்டியிருக்கிறீர்கள். ஒரு பெட்டி பிலிமின் எடை மிகக் குறைவு. ஆறு பெட்டிகளை ஒரே பார்சலில் வரவழைத்தால் கூரியர் ஆறு மடங்கு ஆகாது, இரண்டு மடங்குக்குள் நின்றுவிடும். போன ஆண்டு நாங்கள் மூவர் சேர்ந்து வாங்கினோம், நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஆறு பேர் சேர்ந்தால் பெட்டி 5,900க்குள் வரும் என்பது என் மதிப்பீடு. தாளுக்கு 236 ரூபாய்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கையில் கொண்டுவருகிறார் என்றால் பெட்டியைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் போடாமல் கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் புதிய வகை சி.டி. (அடுக்கு எக்ஸ்ரே) ஸ்கேனரில் போய் என் பத்துத் தாள் கலர் பெட்டி முழுவதும் புகைமூட்டமாகிவிட்டது. ‘ஒளிபடக் கூடாத பிலிம், திறக்காதீர்கள்’ என்று பெட்டி மேல் பெரிதாக எழுதி ஒட்டுவதும் நல்லது.

எழும்பூர் ஆசிரியை (ஜூன் 19, காலை 10.10)

கலர் தாள் எடுப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? செலவு எப்படி?

தாம்பரம் செல்வம் (ஜூன் 19, காலை 10.45)

போர்ட்ரா 400 கலர் பிலிம், பத்துத் தாள்கள் எனக்கு 7,500 ரூபாய் ஆனது. தாள் 750. டெவலப்பர் 38 பாகையில் நிற்க வேண்டும், அந்த ஒன்றுக்கு மட்டும் நம் ஊர்த் தண்ணீர் உதவுகிறது. ஆண்டுக்கு நான்கு தாள்கள் எடுக்கிறேன், குடும்பப் படத்துக்கு மட்டும்.

ஜார்ஜ்டவுன் குமரன் (ஜூலை 13, இரவு 9.40)

மூன்று வாரமாக எழுதாததற்கு மன்னியுங்கள். செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதல் வாரம் வெற்று ஹோல்டர். மந்தைவெளி ஐயா சொன்னபடி கூடத்தில் ஐம்பது முறை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. என் சின்ன மகளுக்கே வரிசை மனப்பாடமாகிவிட்டது. ‘அப்பா, ஷட்டரை மூடு’ என்று அவள் முதலில் சொல்லிவிடுகிறாள்.

இரண்டாவது வாரம் வேணி அக்கா கொடுத்த எக்ஸ்ரே தாள்கள் நாற்பது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, எதிர்வீட்டுச் சன்னல், துணி காயும் கொடி என்று கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்தேன். இரண்டு ஆண்டுகளில் மொத்தமாக எடுத்ததில் பாதியை ஒரே வாரத்தில் எடுத்திருக்கிறேன். முதல் பன்னிரண்டில் கீறல். கண்ணாடியை டிரேயில் போட்ட பிறகு இல்லை. சிவப்பு விளக்கில் வெற்றுத் தாளின் மேல் சன்னல் கம்பிகள் மெல்ல மெல்லக் கறுத்து வந்ததை முதல்முறை பார்த்தபோது மூச்சு விட மறந்துவிட்டேன். இதுவரை மூடிய டேங்குக்குள் நடந்ததைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

மூன்றாவது வாரம் குளிர்பெட்டியில் இருந்த எச்பி5 பெட்டியைத் திறந்தேன். போன ஞாயிறும் நேற்றைய ஞாயிறும் நான்கு வீடுகள், வீட்டுக்கு இரண்டு தாள்கள், மொத்தம் எட்டு. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் ஓர் எக்ஸ்ரே தாள். பாஷா அண்ணன் சொன்ன 24 பாகை, எட்டரை நிமிடம். எட்டில் ஏழு நன்றாக வந்திருக்கின்றன. எட்டாவதில் காற்றில் கேமரா அசைந்துவிட்டது. பிலிமும் மருந்தும் சேர்த்து ஒரு நல்ல நெகட்டிவ் இப்போது 400 ரூபாய்க்குள் வருகிறது. 940இலிருந்து இங்கே வந்துவிட்டேன், பிலிம் விலை ஒரு பைசா குறையவில்லை.

120 பிரியன் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன ஒளிவட்டம் உண்மைதான். இரண்டாவது வீட்டில் வெயில் விழுந்த மாடிச் சன்னலைச் சுற்றி அது நன்றாகவே தெரிகிறது. காவிப் பட்டையும் கறுத்துவிட்டது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வெயில் நேராக விழும் முன்பே எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். மறுவாரம் அரை மணி நேரம் முன்னதாகப் போய் எச்பி5இல் எடுத்தேன்.

ஒரு நெகட்டிவைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். மூன்றாவது வீட்டுத் திண்ணைத் தூண். 4×5 தாளில் அந்தத் தூண் என் சுண்டுவிரல் நீளம்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மரத்தின் ரேகை ஓடுகிறது, நடுவில் ஓர் ஆணி, ஆணியில் வாடிய மாவிலைத் தோரணத்தின் நூல். தூணுக்குப் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் பென்சிலால் யாரோ குழந்தையின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஐந்து கோடுகள், பக்கத்தில் ஆண்டுகள், முதல் கோட்டுக்கு நேரே 1971. அங்கே நின்று ஒரு மணி நேரம் பார்த்தபோதுகூட என் கண்ணில் அது படவில்லை. நெகட்டிவைத் தாள் மேல் நேராக வைத்துக் காண்டாக்ட் பிரிண்ட் போட்டு அந்த வீட்டம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ‘கடைசிக் கோடு என் தம்பி’ என்றார். அந்த வீட்டுக்கும் பேரம் நடக்கிறதாம்.

செல்வம், கூட்டாக வாங்கும் யோசனைக்கு நான் தயார். ஆறு பெட்டிகள் சேர்ந்தால் போடலாம். எனக்கு எச்பி5 இரண்டு.

120 பிரியன் (ஜூலை 13, இரவு 10.05)

குமரன், அந்தப் பென்சில் கோடுகள் 6×9இல் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆவணத்துக்கு எக்ஸ்ரே கூடாது என்பதில் மட்டும் நான் இன்னும் மாறவில்லை. எச்பி5 ஒரு பெட்டி என் கணக்கில் சேருங்கள். என் கேமராவின் பின்பகுதி 4×5தான், நான்கு ஹோல்டர்கள் பரணில் இருக்கின்றன.

பெரம்பூர் பாஷா (ஜூலை 14, காலை 6.50)

எச்பி5 ஒன்று. பார்சல் வந்ததும் சொல்லுங்கள், என் வண்டியில் போய் எடுத்துவருகிறேன். வெயிலில் டெலிவரி வேனில் நாள் முழுக்கச் சுற்ற விட வேண்டாம்.

வேணி (ஜூலை 14, காலை 7.15)

எனக்கும் ஒன்று. எக்ஸ்ரே தாள் வெட்டி வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலை வாருங்கள். கறுப்புப் பையும் காலி அட்டைப் பெட்டியும் கொண்டுவர வேண்டும். ஆசிரியை அம்மா, உங்கள் மாணவிகளுக்காக ஐம்பது தாள்கள் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மந்தைவெளி ஸ்டுடியோ (ஜூலை 14, காலை 11.30)

எனக்கு எஃப்பி4 ஒரு பெட்டி. அதோடு ஆறு ஆகிவிட்டது செல்வம், போட்டுவிடுங்கள். பணத்தைச் சனிக்கிழமை வேணி வீட்டில் நேரில் தருகிறேன். குமரன், அந்தத் தூண் நெகட்டிவையும் கொண்டுவாருங்கள். அப்பாவின் விளக்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன், தூக்கிக்கொண்டு வருகிறேன். அதில் வைத்துப் பார்க்க வேண்டும்.